நத்தைக்கு விரதம் கிடையாது

அக்டோபர் 3

இன்சூரன்ஸ்காரர் ஜனவரியில் இனாமாகக் கொடுத்த டைரி. இத்தனை நாளும் பால் கணக்குக்குக்கூட ஆகாமல் கிடந்தது. இன்று எழுத விஷயம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சாமி ஆகிவிட்டார்.

ஊரெல்லாம் கார்த்திகை முதல் தேதிதான் மாலை போடும். இவருக்கு அன்றைக்குச் சபரிமலை உச்சியில் நிற்க வேண்டுமாம், அதனால் புரட்டாசியிலேயே போட்டாயிற்று. இது பதினெட்டாவது மலை. பதினெட்டாம் வருஷம் போகிறவர் ஒரு தென்னங்கன்றைச் சுமந்துபோய் அங்கே நட வேண்டும். நட்டுவிட்டு இறங்கினால் குருசாமி. மில்லில் முப்பது வருஷம் உழைத்தும் சூப்பர்வைசருக்கு மேல் போக முடியாதவர். இந்தப் பதவி உயர்வையாவது யாரும் தட்டிப் பறிக்காமல் இருக்கட்டும்.

கன்று பொள்ளாச்சியிலிருந்து வந்து இறங்கியது. சாக்கில் வேரைக் கட்டி, மேலே மஞ்சள் துணி சுற்றி, தோட்டத்தில் மேற்குச் சுவரோரம் வைத்திருக்கிறார்.

"தெய்வானை, இதப் பாரு, என்ற கன்னை நீ தொடப்படாது. தண்ணி நானே ஊத்திக்கறேன்."

தோட்டத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றுவது நான். அதற்கெல்லாம் சுத்தம் வேண்டியதில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 5

விரதம் அவருக்கு, வேலை எனக்கு. விடியுமுன் நான் குளித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அவர் குளிக்கப் பச்சைத் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். கறுப்பு வேட்டியைத் தனியாகத் துவைக்க வேண்டும். வெங்காயம், பூண்டு கூடாது. அவர் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார். அது மட்டும்தான் அவர் செலவில் நடக்கிறது.

இன்று முதல் சுக்கு வீட்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. சுக்கு எங்கள் நாய். சுருங்கிய மூஞ்சி, மண் நிறம், அதனால் அந்தப் பெயர். இரண்டு வருஷம் முன்பு மழைக்கு ஸ்கூட்டருக்கு அடியில் ஒதுங்கியது, போகவில்லை. பையன் புனேவுக்குப் போன அதே மாதம். அறைக்கு அறை என் பின்னாலேயே வரும். அதற்கென்ன, நாய்தானே. பழக்கம்.

விரதத்தில் எல்லா உயிரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டுமாம். "போ சாமி, வெளிய போ சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டு நாயைத் துரத்துகிறார். சுக்கு வாலாட்டிக்கொண்டே தோட்டத்துக்குப் போய்விட்டது. மரியாதையாகச் சொன்னால் நாய்கூடக் கேட்கிறது.

அக்டோபர் 9

மூன்று நாள் மழை. வடவள்ளிப் பக்கம் இப்படி ஒரு மழை பார்த்து வெகு காலமாகிறது. காலையில் போய்ப் பார்த்தால் பாலக்கீரைப் பாத்தி முழுக்க வெறும் காம்பு. செவ்வந்தி மொட்டு ஒன்றுகூட இல்லை. தொட்டி விளிம்பெல்லாம் பசை காய்ந்த மாதிரி வெள்ளிக் கோடு. செங்கல்லைப் புரட்டினேன். உள்ளங்கை அகலத்தில் நத்தைகள், ஒன்றின்மேல் ஒன்று. ஓடு இல்லாத வழவழப்பான ரகம் அடியில் தனியாக ஒரு கூட்டம்.

உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சாமி வழிமறித்தார்.

"கொல்லப்படாது. விரத வீடு. நீ கொன்னா அந்தப் பாவம் என்ற தலையிலல்ல விடியும்?"

"அப்பொ நாஞ் சமைக்கற புண்ணியம் என்ற தலையில விடியுமுங்களா?"

சரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பதில் தெரியாதபோதெல்லாம் ஐயப்பனைக் கூப்பிடுகிறார். பாவம், அவருக்கும் எத்தனை வேலை.

அக்டோபர் 11

மாடித்தோட்ட வாட்ஸப் குழுவில் கேட்டேன். ஆளுக்கொரு வைத்தியம். சாம்பல் தூவச் சொன்னார் ஒருவர். தூவினேன், ஒரே தூறலில் கஞ்சியாகிப் போயிற்று. முட்டை ஓட்டை நொறுக்கிச் செடியைச் சுற்றிப் போட்டால் நத்தைக்கு வயிற்றில் குத்துமாம். விரத வீட்டில் முட்டைக்கு எங்கே போவது? கிழக்கு வீட்டு பிலோமினா டீச்சரைக் கேட்டேன். சுவருக்கு மேலாக ஒரு பை நிறைய நீட்டினாள்.

"கேக் போட்ட ஓடுக்கா. குப்பையில போட்டா எத்தனை முட்டைன்னு தெருவே எண்ணும். நீங்க எடுத்துக்குங்க."

கழுவிக் காயவைத்து நொறுக்கிக்கொண்டிருந்தபோது சாமி பார்த்துவிட்டார். என்ன என்று கேட்டார். சுண்ணாம்பு என்றேன். பொய்யும் இல்லை.

இன்னொரு அம்மாள் காபிச் சக்கையைப் போடச் சொன்னாள். போட்டேன். சுக்கு மூக்கை நுழைத்து நக்கப் போனது. எதற்கும் கேட்டுவிடுவோம் என்று, அதற்கு ஊசி போடும் நிலோஃபர் டாக்டருக்கு போன் செய்தேன்.

"காபி நாய்க்கு ஆகாதும்மா, அள்ளிடுங்க. உப்பும் வேண்டாம், செடியும் போகும், நாயும் நக்கும். அதவிட முக்கியம், கடையில நத்தை மருந்துன்னு நீல உருண்டை குடுப்பாங்க. இனிப்பா மணக்கும். அதை வாங்கவே வாங்காதீங்க. நாய்க்கு அது மிட்டாய்."

"வேற என்னதான் பண்றதுங்க?"

"கையால பொறுக்குங்க. சாயங்காலம் ஊத்தற தண்ணிய காலையில ஊத்துங்க. ஈரச்சாக்கு போட்டு வைங்க, விடிய அதுக்கடியில கூடிக் கெடக்கும்."

படித்தவள் சொல்லும் வைத்தியம் கடைசியில் என் முதுகில்தான் வந்து முடிகிறது.

அக்டோபர் 14

நத்தைக்குப் புளித்த வாடை பிடிக்கும் என்று ஒரு வீடியோவில் வெள்ளைக்காரன் பீர் ஊற்றிக் கிண்ணம் புதைக்கிறான். மாலை போட்டவர் வீட்டிலிருந்து நான் போய் பீர் கடை வரிசையில் நின்றால் வடவள்ளி தாங்குமா? மூன்று நாள் புளித்த தோசை மாவு இருந்தது. கொட்டாங்குச்சியில் ஊற்றி, பாத்தி நடுவே பதித்து வைத்தேன்.

அக்டோபர் 15

அமோகம். ஒரு கொட்டாங்குச்சிக்கு ஏழெட்டு நத்தை. மீதிக் கொட்டாங்குச்சிகளில் மாவே இல்லை, பளபளவென்று துடைத்து வைத்த மாதிரி இருந்தன. சுக்குவின் மீசையில் மாவு. இனி மேலே கூரை ஓடு கவிழ்த்து, சின்னச் சந்து விட்டுத்தான் வைக்க வேண்டும். ஆனால் கொட்டாங்குச்சியைக் கண்டாலே அது இப்போது வாலாட்டுகிறது.

அக்டோபர் 17

தினமும் விடியற்காலை கையுறை போட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நத்தை பொறுக்குகிறேன். சாக்குக்கு அடியில், பப்பாளி இலைக்கு அடியில், மாவுக்குள். வாளி நிறைந்துவிடுகிறது. சோப்புத் தண்ணீரில் போட்டால் முடிந்தது வேலை. ஆனால் கொல்லக் கூடாதே. எங்கேயாவது உயிரோடு கொண்டு விட வேண்டும். கிழக்கே பிலோமினா வீடு, முட்டை ஓடு கொடுத்தவளுக்குத் துரோகம் செய்ய முடியாது. தெற்கே ரோடு, வண்டியில் அரைபடும், அந்தப் பாவம் வேறு. வடக்கே என் கீரை. ஆகவே மேற்குச் சுவரோரம் கொட்டிவிட்டு வருகிறேன். ஒன்றுகூடச் சாகவில்லை. சாமி உத்தரவு அப்படியே நிறைவேறுகிறது.

அக்டோபர் 20

தீபாவளி. வீட்டில் கறி எடுக்காத முதல் தீபாவளி. பருப்பு வடை, பாயசம். பிலோமினா பிரியாணி கொடுத்தனுப்பவா என்று ஜாடையில் கேட்டாள். ஜாடையிலேயே வேண்டாம் என்றேன். சுக்குவுக்கு மட்டும் சுவர் வழியாக இரண்டு எலும்பு வந்தது. வெடிச் சத்தத்துக்கு நடுங்கிக்கொண்டு கதவைப் பிராண்டியது. சாமி திறக்கவில்லை. நான் வெளியே போய்ப் படிக்கட்டில் அதோடு உட்கார்ந்துகொண்டேன். சும்மா, காற்றுக்காகத்தான்.

அக்டோபர் 25

பழைய மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பி ஸ்டோர் ரூமில் கிடந்தது. செம்பைத் தொட்டால் நத்தைக்குச் சுரீர் என்கிறதாம். தொட்டிக்குத் தொட்டி நாலு சுற்றுச் சுற்றினேன். நிஜமாகவே ஏறவில்லை. விளிம்புவரை வந்து, கொம்பை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. நாய்க்கும் ஒன்றும் ஆகாது. ஒரு முழம் கம்பி மிச்சம். தென்னங்கன்றுக்குச் சுற்றியிருக்கலாம். கன்றைத் தொடக் கூடாது என்று உத்தரவு.

அக்டோபர் 27

கன்றின் குருத்தில் ஓட்டை. சாமி இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை. அரிசி மிச்சம்.

அக்டோபர் 30

இருந்த மூன்று இலையில் ஒன்று போய்விட்டது. சாமிக்கு முகமே இல்லை.

"எங்கிருந்துதான் இத்தனை வருது இந்தச் செவுத்துக்கு? உன்ற பக்கம் ஒண்ணையுங் காணோம்!"

"விரதம் இல்லாத ஜென்மமுங்க. எங்க வேணாலும் போகும்."

"இத எதாச்சும் பண்ணோணும்."

"என்னங்க பண்றது? கொல்லப்படாதுங்களே."

என் கீரை போனபோது எல்லா உயிரும் சாமி. அவர் கன்று போகும்போது நத்தை வெறும் நத்தை. நான் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய்த்தான் சிரித்தேன்.

நவம்பர் 8

கடையிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். நீல உருண்டை. மேலே நாய்ப் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு. நாய்க்கு ஆகாது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் புரிகிற மாதிரி அச்சடித்திருக்கிறான்.

"நீ வெச்சிரு. நான் விரதம், என்ற கையால ஆகாது."

"நான் வெக்கமாட்டனுங்க. சுக்கு தின்னுரும்."

"நாயக் கட்டிப் போடு."

"நீங்கதான வீட்டுக்குள்ள விடாம தோட்டத்துக்குத் தொரத்துனீங்க?"

மில் சூப்பர்வைசர் மூளை வேலை செய்வது முகத்திலேயே தெரிந்தது.

"வெக்கறது கொல்றதாகாது. நான் வெக்கத்தான் வெக்கறேன். திங்கறதும் திங்காததும் அதோட விருப்பம்."

நத்தை மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால் சமையலறையைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போடுவேன் என்றேன். கிணறு இல்லை, இருந்தாலும் பயந்துவிட்டார். கொடுத்துவிடுகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 13

நாளை எங்கள் வீட்டில் கட்டு நிறைப்பு. பதினைந்து சாமிகள் வருகிறார்கள். வந்து தேங்காயில் நெய் நிறைத்து, இருமுடி கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு இங்கிருந்தே கிளம்புவார்கள். பதினைந்து பேருக்குச் சமையல். கன்றில் இன்னும் ஒன்றரை இலை இருக்கிறது.

நவம்பர் 14

எழுத ஓடவில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

காலையில் ஹாலில் பஜனை. நான் சாம்பாரை இறக்கிவிட்டுச் சுக்குவுக்குச் சோறு கொண்டுபோனேன். கூப்பிட்டால் வரவில்லை. மேற்குச் சுவரோரம் கிடந்தது. நாலு காலும் விறைத்து, வாயில் நுரை, உடம்பு விட்டுவிட்டு உதறியது. பக்கத்தில் என் கொட்டாங்குச்சி ஒன்று. அதன் அடியில் நீலமாக இரண்டு உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. மாவு இருக்கும் என்று நம்பி நக்கியிருக்கிறது.

ஈரக் கையோடு ஹாலுக்கு ஓடினேன். தேங்காய்க் கண்ணில் நெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சுக்கு சாகக் கெடக்குது. காரெடுங்க."

"கட்டு நெறைக்கற நேரம் தெய்வானை. பாதியில எந்திரிக்கப்படாது. சாமி பாத்துக்குவாரு."

"எந்தச் சாமி? ஹாலு நெறையச் சாமிதான உக்காந்திருக்கு, ஒருத்தராச்சும் எந்திரிங்களே!"

சரணம் நின்றுவிட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "மருந்த நீங்கதான வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"நான் நத்தைக்குத்தான் வெச்சேன். திங்கறதும் திங்காததும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

முப்பது வருஷத்தில் அவரை நான் அவ்வளவு வெறுத்ததில்லை. சுக்குவைப் பழைய சேலையில் சுருட்டி அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். பிலோமினா அதற்குள் காரைத் திருப்பி நிறுத்தியிருந்தாள். நான் கத்தியது சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறது. வழி முழுக்க அது மடியில் துடித்தது. நான் வாய்விட்டு அழுதேன். டீச்சர் சிக்னலில் நிற்கவே இல்லை.

நிலோஃபர் டாக்டர் சேலையைப் பிரித்ததுமே கேட்டாள்.

"நீல உருண்டையாம்மா?"

தலையாட்டினேன்.

"நான்தான் சொன்னனே!"

அவள் என்னைத் திட்டினாள். திட்டட்டும். மேற்குச் சுவரோரம் அத்தனை நத்தை எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஊசி போட்டாள், குழாய் விட்டு வயிற்றைக் கழுவினாள், கரி கரைத்து ஊற்றினாள், டிரிப் ஏற்றினாள். நாளைவரை ஒன்றும் சொல்ல முடியாது என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது யாரும் இல்லை. இருமுடியோடு போய்விட்டார்கள். கிளம்பும்போது போயிட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. சாஸ்திரம் சில பேருக்கு ரொம்ப வசதி. பதினைந்து இலை எடுக்காமல் கிடந்தது. சாம்பார் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, ஒரு சொட்டு மிச்சமில்லை.

நவம்பர் 15

கண் திறக்கவில்லை.

நவம்பர் 16

மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். கீரை என்ன விலை, பிலோமினா என்ன கேக் போட்டாள் என்று. வால் ஒரு முறை தரையில் தட்டியது. அப்புறம் கண் திறந்தது. டாக்டர் பிழைத்துக்கொண்டது என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நாய்தானே என்று இனி இந்த டைரியில் எழுத மாட்டேன்.

நவம்பர் 17

கார்த்திகை பிறந்துவிட்டது. மலையிலிருந்து போட்டோ வந்தது. தலையில் இருமுடி, தோளில் தென்னங்கன்று, அரை இலை. பெரிதாக்கிப் பார்த்தேன். சாக்கு மடிப்பில் குட்டியாக ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாலையில்லை, விரதமில்லை, பச்சைத் தண்ணீரில் குளிக்கவில்லை, யாரையும் சமைக்கவைக்கவில்லை. வீட்டையே முதுகில் கட்டிக்கொண்டு முதல் தடவையே மலை ஏறிவிட்டது அந்தக் கன்னிச்சாமி. எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் அதற்கு மட்டும் தரிசனம் நன்றாகக் கிடைத்திருக்கும்.

நவம்பர் 18

சுக்கு வீட்டுக்கு வந்தது. நடை இன்னும் தள்ளாட்டம். சுவரோரம் மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்தெடுத்து, புது மண் கொட்டினேன். கொட்டாங்குச்சிகளை எல்லாம் எரித்தேன். சுக்கு இப்போது ஹாலில், அவருடைய பாயில் படுத்திருக்கிறது.

நவம்பர் 19

குருசாமி வந்தார். வாசலில் தேங்காய் உடைத்து மாலையைக் கழற்றினார். தெருவில் நாலு பேர் காலில் விழுந்தார்கள். கையில் அரவணைப் பாயச டப்பா. உள்ளே வந்ததும் பாயில் சுக்குவைப் பார்த்தார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினார். அது நக்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார். என்னிடம் இல்லை, நாயிடம்.

நாய்க்கு ரோஷம் கிடையாது. எனக்கு உண்டு.

நவம்பர் 20

ஒரு மண்டலமாகக் கறி காணாத நாக்கு. காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு, "அரைக் கிலோ எலும்போட வாங்கட்டுமா?" என்று நின்றார். அவரோடு மலைக்குப் போன சாமிகள் இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, துளசி மாலையைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றேன்.

"எனக்கு ஆனியில அம்பத்திரண்டு ஆயிருச்சுங்க. இனி நானும் மலைக்குப் போலாம். தையில மகரஜோதி பாக்கோணும்னு வேண்டிருக்கேன். குருசாமி கையால மாலை போட்டுடுங்க."

அவர் தட்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார். சாமிகள் இருவரும், "ஆகா, மொத சிஷ்யை வீட்டுலயே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குருசாமி மாட்டேன் என்று சொன்னதாகச் சரித்திரம் உண்டா? போட்டுவிட்டார்.

"சாமியே சரணம்" என்றேன். அவரும் சொல்ல வேண்டியதாயிற்று. பை ஆணிக்குத் திரும்பிப் போனது.

நவம்பர் 23

விரதம் எனக்கு, வேலை அவருக்கு. பச்சைத் தண்ணீர் பிடித்து வைக்கிறார், மஞ்சள் சேலை துவைக்கிறார். ரசத்தில் உப்பு அதிகம். குறை சொல்லவில்லை. விரதத்தில் கோபம் கூடாது.

சுக்கு வீட்டுக்குள் வரலாமா என்று கேட்டார். எல்லா உயிரும் சாமி என்றேன்.

நவம்பர் 24

மறுபடி மழை. விடியற்காலையில் எழுப்பினேன். கையுறை, டார்ச், வாளி. முதுகைப் பிடித்துக்கொண்டு அரை வாளி பொறுக்கினார். நான் குடையோடு நின்று பார்த்தேன். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது முகத்தைச் சுளிப்பதும், சாமி சாமி என்று முணுமுணுப்பதும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"சோப்புத் தண்ணியில போட்டுரலாமா?" என்று கேட்டார்.

"கொல்லப்படாதுங்க. விரத வீடு."

"அப்பொ இத்தனையும் எங்க கொண்டுபோயி விடறது?"

"எங்க வேணாலும் விடுங்க. மேக்குச் செவுத்தோரம் மட்டும் இனி வேண்டாம். அங்க வெயிலுக்குச் சுக்கு படுக்கும்."

இரண்டு எட்டு போனவர் நின்றார். வாளியைக் கீழே வைத்தார். தென்னங்கன்று இருந்த இடத்தைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"இனியா?" என்றார். "அப்பொ இதுக்கு முந்தி எங்க விட்டுட்டிருந்தே?"

விரதத்தில் பொய் சொல்லக் கூடாது. அதனால் சரணம் சொல்ல ஆரம்பித்தேன்.